வன்னியில் மனவடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் உளவளத்துணை வேலையில் இருப்பவர்களிடம் சனம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலதைக் கிளினிக் வாசலில் கேட்பார்கள், சிலதைச் செத்தவீட்டுப் பந்தலில் ஒதுக்கமாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. வாசிக்கும்போது நெஞ்சு இடித்தால் வைத்துவிட்டு எழும்பி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு வேண்டாம் என்றால் அதுவும் சரி.

மனவடு நோய் என்பது என்ன?

உயிர் போய்விடும் என்ற இடத்தில் நின்றவர்களுக்கும், கண்முன்னே இன்னொருவரின் உயிர் போனதைப் பார்த்தவர்களுக்கும் வரக்கூடிய ஒரு வருத்தம். சம்பவம் முடிந்துவிடும். உடம்பு மட்டும் முடிந்ததாக ஏற்றுக்கொள்ளாது. மருத்துவ உலகம் இதை ஒரு தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது 1980இல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கிய காரணம். இங்கே 'பி.ரி.எஸ்.டி.' என்று கிளினிக் கொப்பியில் எழுதுவதும் இதைத்தான்.

அது பல விதமாகத் தலைகாட்டும். நினைக்காமலே பழைய காட்சி வந்து விழும், கனவிலும் பகலிலும். சில நேரம் நினைவு என்ற அளவில் நிற்காமல் அந்த இடத்திலேயே திரும்ப நிற்பது போல இருக்கும், மணம்கூட வரும். அதனால் ஆள் அந்த இடத்தை, அந்தப் பேச்சை, அந்த ஆட்களைத் தவிர்க்கத் தொடங்குவார். எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். சட்டி விழுந்தால் துள்ளுவார், நித்திரை பிடிக்காது, சின்ன விஷயத்துக்குக் கோபம் வெடிக்கும். நாளடைவில் மனம் மரத்துப்போகும்: பிள்ளை பரிசு வாங்கி வந்தாலும் சந்தோஷம் வராது. அதோடு ஒரு குற்றவுணர்வு, 'நான் கையை விடாமல் பிடித்திருந்தால் அவன் இருந்திருப்பான்' என்று. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் குழப்பினால்தான் நோய் என்று சொல்வார்கள். முதல் சில கிழமைகளில் எவருக்கும் இவை வரலாம், பலருக்குத் தானாகவே தணிந்துவிடும்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பது வன்னிச் சனத்துக்கு விளங்காத விஷயமே இல்லை. 2009இல், சண்டையின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் யோசிக்காமல் விழுந்து படுத்தவர்தான் பல நேரம் தப்பினார். யோசித்தவருக்கு நேரம் காணாது. மூளையில் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி, ஆபத்து என்று பட்டவுடன் நாங்கள் யோசிப்பதற்கு முன்பே உடம்பை எழுப்பிவிடும். இதயம் அடிக்கும், கால் ஓடத் தயாராகும். மாதக்கணக்காக ஒவ்வொரு நாளும் அந்தப் பகுதிக்கு வேலை இருந்தது, அது சொன்னதெல்லாம் உண்மையாகவும் இருந்தது. உயிரைக் காப்பாற்றிய பழக்கத்தை உடம்பு இலேசில் கைவிடாது.

இது விசரா?

இல்லை. இந்த வருத்தம் உள்ளவருக்குத் தான் யார், எங்கே இருக்கிறார், எது நடந்தது என்பதெல்லாம் தெரியும். நினைவு திரும்ப வந்து அமுக்கும் சில நிமிடங்களில் மட்டும் அது கலங்கிப்போகலாம்.

சண்டை முடிந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னுமா?

ஆம், இன்னும் இருக்கலாம். புதிதாகவும் வரலாம். சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடுவது என்று உடம்பு ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய முகாமான மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. பிறகு காடு வெட்டி, கிணறு இறைத்து, தறப்பாளைக் கழற்றிக் கல்வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். எல்லாம் ஓரளவு அடங்கி, கடைசிப் பிள்ளையும் கலியாணம் முடித்துப் போன பிறகு, வீடு வெறுமையான ஒரு பின்னேரத்தில் பழையது வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அறிகுறிகள் மாதங்கள், ஆண்டுகள் கழித்து முழுமையாக வெளிப்படுவது மருத்துவத்தில் அறியப்பட்ட விஷயம்.

சின்ன வயதில் செல்லடிக்குள் ஓடியவர்கள் இப்போது தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். அவர்களில் சிலருக்குத் தங்கள் பிள்ளை அந்த வயதுக்கு வரும்போது இது தொடங்குகிறது. முதலில் அவர்களுக்கே பிடிபடாது, 'பிள்ளை பள்ளிக்கூடம் போய் வரும்வரை இருக்க ஏலாமல் கிடக்கிறது' என்றுதான் சொல்வார்கள்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு: எத்தனை ஆண்டு ஆனாலும் சிகிச்சைக்குப் பிந்திவிட்டது என்று இல்லை.

அப்படியென்றால் வன்னியில் எல்லாருக்கும் இது இருக்கிறதா?

அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், வெளியிலிருந்து வருபவர்கள் அதிகம். அது பிழை. 2009இன் நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஓர் ஆய்வு, 2011இல் வெளியானது, மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம் இருந்ததாகச் சொல்கிறது. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் 13 வீதம். அதே ஆய்வில் பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். அது யாழ்ப்பாணத்துக் கணக்கு; முள்ளிவாய்க்கால்வரை போய் வந்தவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் இல்லை. மனச்சோர்வும் பதகளிப்பும்தான் இதைவிடப் பரவலானவை. எனவே 'எனக்கும் பி.ரி.எஸ்.டி.தான்' என்று தானாக முடிவெடுக்காமல் ஒருவரிடம் காட்டுவது நல்லது, ஏனென்றால் சிகிச்சை கொஞ்சம் வேறுபடும்.

பட்டவர்கள் என்னும்போது 2009ஐ மட்டும் எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் சுனாமி அள்ளிக்கொண்டு போனது. 1990இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1977இலும் 1983இலும் கலவரங்களில் அடிவாங்கி மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வன்னிக்கு வந்து குடியேறியவர்கள், எல்லாரும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். சில குடும்பங்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடி.

கலியாண வீட்டில் ட்ரோன் பறந்தால் எனக்குக் கை கால் நடுங்குகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

வேவு பார்த்த ஆளில்லா விமானத்தைச் சனம் 'வண்டு' என்றுதான் சொல்லும்; அது இரைந்த இரைச்சலை வன்னியில் எவரும் மறக்கவில்லை. மேலே வண்டு சுற்றினால் பின்னால் செல் வரும். வீடியோக்காரரின் ட்ரோனும் கிட்டத்தட்ட அதே மாதிரித்தான் இரைகிறது. தீபாவளிச் சீனவெடி, கண்ணிவெடி அகற்றுபவர்கள் அறிவித்துவிட்டு வெடிக்க வைப்பது, ஹெலி, வயலுக்குள் யானை வெருட்டப் போடும் யானை வெடி, இவையும் அந்த வகைதான்.

நடுக்கம் வந்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். 'நடுங்கக்கூடாது' என்று இறுக்கினால் கூடும். முதலில் இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றுங்கள், செருப்பைக் கழற்றினால் இன்னும் நல்லது. மூச்சை உள்ளே எடுக்க நாலு எண்ணுங்கள், வெளியே விட ஆறு எண்ணுங்கள். வெளியே விடும் மூச்சு நீண்டால்தான் இதயத் துடிப்பு இறங்கும். வேகமாகப் பெருமூச்சு வாங்கினால் தலை சுற்றி விரல் விறைக்கும், பயமும் ஏறும். அப்புறம் கண்ணைத் திறந்தபடியே வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இது தருமபுரம். இது தங்கச்சியின் மகளின் கலியாணம். மேலே பறப்பது வீடியோக்காரரின் ட்ரோன். அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்திருக்கும் தம்பிதான் அதை ஓட்டுகிறார்.' பார்க்கும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லலாம், கையில் குளிர்ந்த சோடாப் போத்தலைப் பிடிக்கலாம். காரியம் இதுதான்: காது 2009க்குப் போனாலும், கண்ணும் காலும் இங்கே இருக்கின்றன என்று மூளைக்குக் காட்டுவது. சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். இதை நடுக்கம் இல்லாத நாட்களில் பழகிவைத்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

மற்றவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைவிடக் குறைவாகத் தாக்கும். கமக்காரர் அமைப்பின் வட்ஸ்அப் குழுவில் 'இன்று இரவு கீழ்வயலில் யானை வெடி போடுவோம்' என்று ஒரு வரி போட்டால் போதும்.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. தலையிடியும் நாரிநோவும் நெஞ்சு இறுக்கமும்தான். அதுவும் இதுதானா?

இருக்கலாம். எங்கள் சனத்தில் பலருக்குத் துயரம் உடம்பு வழியாகத்தான் கதைக்கும். ஆனாலும் முதலில் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். நெஞ்சு இறுக்கத்துக்கு ஈ.சி.ஜி., களைப்புக்கு இரத்தப் பரிசோதனை, தைரொய்ட். எல்லாவற்றையும் மனதின் மேல் போட்டுவிட்டு மாரடைப்பைக் கோட்டைவிடக் கூடாது.

உடம்பில் 'பீஸ்', அதாவது செல் துண்டு, உள்ளவர்கள் கட்டாயம் அதைச் சொல்லுங்கள். தலைக்குள் செல் துண்டு இருந்தால் வலிப்பு, ஞாபக மறதி, திடீர்க் கோபம் எல்லாம் அதனாலும் வரலாம், அதற்கு மருந்து வேறு. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் படுக்கும் முன்பே சொல்ல வேண்டும்: அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம், உள்ளே இருக்கும் இரும்பு அசையக்கூடும். கண்ணுக்கும் நரம்புக்கும் கிட்ட இருந்தால் இது விளையாட்டில்லை.

இரவில் கத்திக்கொண்டு எழும்புகிறேன். நித்திரைக்கே பயமாக இருக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் ஒரே கனவுக்கு ஒரு பயிற்சி உண்டு. பகலில், நல்ல வெளிச்சத்தில் இருந்து, அந்தக் கனவைச் சுருக்கமாக எழுதுங்கள். பிறகு அதன் முடிவை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். பங்கர் மூடிக்கொள்ளும் கனவென்றால், பங்கருக்கு மற்றப் பக்கம் ஒரு வாசல் இருக்கிறது, அதால் வெளியே வந்தால் மாமரமும் கிணற்றடியும். நடந்தது அப்படியில்லை என்று உங்களுக்குத் தெரியும். உண்மையை மாற்றவில்லை, கனவைத்தான் மாற்றுகிறோம். அந்தப் புதிய கனவை ஒவ்வொரு நாளும் பத்து, இருபது நிமிடம் மனதில் ஓடவிடுங்கள். சில கிழமைகளில் பலருக்குக் கனவின் வேகம் குறைகிறது. எழுதும்போதே தாங்க முடியாமல் போனால் தனியே செய்யாதீர்கள், உளவளத்துணையாளருடன் செய்யுங்கள்.

மற்றவை நீங்கள் கேள்விப்பட்டவைதான்: பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம், படுக்கையில் போன் வேண்டாம், சின்ன லைட் ஒன்று எரியட்டும்.

பக்கத்தில் படுப்பவருக்கு ஒரு சொல். கத்துபவரைத் தோளில் பிடித்து உலுக்காதீர்கள், அடி விழும், அது அவருக்கே தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், லைட்டைப் போடுங்கள்.

வட்டுவாகல் பாலத்தால் போக ஏலாது. சுற்றித்தான் போகிறேன். அதில் என்ன பிழை?

பிழை ஒன்றும் இல்லை, தூரம்தான் கூட. 2009இல் சண்டைக்குள்ளிருந்து அந்தப் பாலத்தைக் கடந்து வந்த நாட்களில் என்ன கண்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் விலகிப் போவதற்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு முறை விலகும்போதும் உடனே ஓர் ஆறுதல் வரும், அந்த ஆறுதலே 'பாலம் உண்மையிலேயே ஆபத்து' என்று மூளைக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கும். இன்று பாலம், நாளை முல்லைத்தீவுச் சந்தை, பிறகு கடற்கரை, பிறகு வீட்டுப் படலை. உலகம் சுருங்கிக்கொண்டு வருவதுதான் பிரச்சினை.

புதுக்குடியிருப்பில் இருக்கும் ஓர் அக்கா, முல்லைத்தீவுக்குப் போக ஒட்டுசுட்டான் பக்கத்தால் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை ஒரே நாளில் பாலத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவது சிகிச்சை இல்லை, அது கொடுமை. முதலில் பாலத்தின் படத்தைப் போனில் பார்ப்பது. மனம் சலித்துப்போகும்வரை பார்ப்பது. அடுத்து, கூட ஒருவருடன் பாலம் தூரத்தில் தெரியும் இடம்வரை மோட்டார் சைக்கிளில் போய், பயம் ஏறி, பிறகு தானாக இறங்கும்வரை நின்றுவிட்டு வருவது. அந்த இறக்கம்தான் முக்கியம். பயம் உச்சியில் நிற்கும்போது ஓடிவந்தால் பாடம் தலைகீழாகப் போய்விடும். அடுத்து பகல் பஸ்ஸில் யன்னல் ஓரமாக இல்லாமல் இருந்து கடப்பது. பிறகு யன்னல் ஓரம். நடந்து கடப்பது கடைசியில், அல்லது ஒருபோதும் தேவையில்லாமலும் போகலாம். ஒவ்வொரு படியிலும் தேவையான நாட்கள் நிற்கலாம்.

இடம் உண்மையிலேயே ஆபத்தானதென்றால் இந்தக் கதை பொருந்தாது. கண்ணிவெடிப் பலகை போட்ட காணிக்குள் போகப் பயப்படுவது நோயல்ல, புத்தி.

மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. இதற்கு மருந்து இருக்கிறதா?

இல்லை. இதை நேராகவே சொல்லிவிட வேண்டும். பவுலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தபோது இந்த நிலையைத் தனியாக அடையாளம் கண்டார். ஆள் போய்விட்டார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. திவசம் கொடுத்தால் துரோகம் போல இருக்கும், கொடுக்காவிட்டால் ஆத்மா அலையுமோ என்று இருக்கும். பொட்டு வைப்பதா விடுவதா என்று ஊர் பார்க்கும். இப்படி இருப்பவருக்கு நித்திரை வராததும் நெஞ்சு அடைப்பதும் அவருடைய மனதின் கோளாறல்ல. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டம் கேட்டதும் அந்தப் பதிலைத்தான்.

மருந்தும் உளவளத்துணையும் இங்கே செய்யக்கூடியது, அம்மாவை உண்ணவும் உறங்கவும் நடமாடவும் வைப்பது. 'இனி வரமாட்டான், மறந்துவிடுங்கள்' என்று எந்த உளவளத்துணையாளரும் சொல்லக் கூடாது. சொன்னால் எழும்பி வாருங்கள். இருக்கிறான், இல்லை என்ற இரண்டு எண்ணத்தையும் ஒரே மனதில் வைத்திருக்கலாம். காலையில் ஒன்று, இரவில் மற்றது என்று மாறுவதும் இயல்பு. பிறந்தநாளுக்கு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல, உயிரா சாவா என்று முடிவெடுக்கத் தேவையில்லாத சடங்குகளைச் சிலர் தாங்களே உருவாக்கியிருக்கிறார்கள். அது நல்லது. காணி, வங்கிப் புத்தகம் போன்ற விஷயங்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்கு, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டத்தில் இடம் வந்தது. கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள்.

தனியே இருக்கும் அம்மாவைவிட, மற்ற அம்மாக்களோடு சேர்ந்து இருக்கும் அம்மாவுக்குச் சுமை கொஞ்சம் குறைகிறது. 'போய் வெயிலில் இருந்து என்ன கண்டாய்' என்று வீட்டில் கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மே மாதம் வந்தால் கூடுகிறது.

கூடும். வெயில், காற்றின் மணம், முள்ளிவாய்க்கால் நினைவு நாளான 18ஆம் திகதிக்கு முதல் கிழமையில் சந்திகளில் காய்ச்சும் கஞ்சி, எல்லாமே நினைவைத் தட்டும். வருமென்று தெரிந்ததால் ஆயத்தம் செய்யலாம். அந்தக் கிழமையில் பெரிய வேலை, கடன் பேச்சு, கலியாணப் பேச்சு வைக்காதீர்கள். நினைவேந்தலுக்குப் போவது சிலருக்கு இறக்கி வைப்பது, சிலருக்குக் கிளறுவது. போனவர் போகாதவரை ஏசவும் வேண்டாம். போனில் பழைய வீடியோக்கள் சுற்றும், அவற்றை நிறுத்திவிடுங்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

மனுசன் கசிப்பு குடித்தால்தான் படுக்கிறார். அதைவிட வேறு வழி?

குடி முதல் மணித்தியாலங்களில் நித்திரையைத் தரும், விடியப்புறம் பறித்துவிடும், கனவையும் கூட்டும். அதனால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். குடியை மட்டும் தனியே பிடித்து ஏசினால் பலன் இல்லை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் அதற்கும் மருந்து கொடுப்பார்கள். ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு நாளும் நிறையக் குடிப்பவர் கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மாறாட்டம் வரலாம், உயிருக்கே ஆபத்து. நிறுத்த நினைத்தால் வைத்தியசாலையில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் அடித்தால், அதற்கு மனவடு ஒரு சாட்டு இல்லை. நீங்களும் பிள்ளைகளும் முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள்.

பிள்ளை சண்டைக்குப் பிறகு பிறந்தவள். அவளுக்கும் ஏன் பயம்?

பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததைவிடப் பார்த்ததைத்தான் படிப்பார்கள். ஹெலி சத்தத்துக்கு அம்மாவின் முகம் மாறுவதை அவள் தொட்டிலில் இருந்தே பார்த்திருக்கிறாள். பல வீடுகளில் 2009 பற்றி ஒரு சொல்லும் இல்லை, அல்லது குடித்த இரவில் எல்லாமே கொட்டுப்படும். இரண்டும் பிள்ளைக்குப் பாரம். நடுவில் ஒரு வழி உண்டு: வயதுக்கு ஏற்ற அளவில், பகலில், தெளிந்த நேரத்தில் சொல்லுங்கள். 'நாங்கள் ஓடி ஓடி வந்தோம், பெரியப்பா செத்துப்போனார், அதனால்தான் அம்மா சத்தத்துக்குத் திடுக்கிடுவது. உன்னால் இல்லை.' அந்தக் கடைசி இரண்டு சொல்லை விடாதீர்கள். அம்மாவின் கோபம் தன்னால்தான் என்று நினைக்காத பிள்ளை குறைவு.

கோயிலில் நூல் கட்டினோம், ஜெபக்கூட்டத்துக்கும் போனோம். அது சரிதானே?

சரி. வற்றாப்பளை அம்மனும் மடு மாதாவும் தாங்கிப் பிடித்தவர்கள் ஏராளம், சடங்கில்லாமல் போன சாவுக்கு ஆடி அமாவாசையில் தர்ப்பணம் கொடுத்து மனம் ஆறியவர்களும் உண்டு. குளிசையை நிறுத்தச் சொல்பவரிடமும், அடிப்பவரிடமும், காணியை ஈடு வைத்துக் காசு கொண்டுவரச் சொல்பவரிடமும் போகாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி. என்ன சொல்லலாம்?

'எல்லாருக்கும்தானே நடந்தது' என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே அதிகம் சொல்லப்படுவதும் அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். நடந்ததைக் கிண்டிக் கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள், கதைக்கத் தொடங்கினால் கேளுங்கள், இடையில் உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். கிளினிக்குக்கு 'நீ போ' என்பதைவிட 'நானும் வாறன்' என்பது வேலை செய்யும்.

பேச்சுச் சிகிச்சை என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

முதல் நாளில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நல்ல உளவளத்துணையாளர் முதலில் நித்திரை, சாப்பாடு, மூச்சு இவற்றைத்தான் சரிசெய்யப் பார்ப்பார். சம்பவம் நடந்த அடுத்த நாட்களில் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரே இருப்பில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறை உதவுவதில்லை என்று தெரிந்து கைவிட்டுவிட்டார்கள்.

பிறகு, நீங்கள் தயார் என்னும்போது, வாழ்க்கைக் கதையை வரிசைப்படுத்திச் சொல்லும் ஒரு முறை உண்டு. நிலத்தில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்த நாளிலிருந்து நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைப்பார்கள். ஒவ்வொரு கல்லாக எடுத்து, எங்கே, எப்போது, முதலில் என்ன, பிறகு என்ன என்று கதைத்து எழுதுவார்கள். சிதறிக் கிடக்கும் நினைவுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைக்கும்போது அதன் பாய்ச்சல் குறைகிறது. சுனாமிக்குப் பிறகு எங்கள் வடகிழக்கிலேயே 31 பிள்ளைகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள்: ஒரு பகுதியினருக்கு இந்தக் கதை முறை, மற்றவர்களுக்குத் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். கதைக்க மனமில்லாதவருக்கும் வழி இருக்கிறது என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் பெண் வைத்தியரையோ பெண் உளவளத்துணையாளரையோ கேட்கலாம். ஆண்களுக்கும் இது நடந்திருக்கிறது, அவர்களும் சொல்லலாம்.

குளிசை போட்டால் அடிமையாகிவிடுவேனா?

மனவடு நோய்க்கு முதலில் கொடுப்பது சேர்ட்ரலின், புளுஓக்செட்டின் போன்றவை. இவற்றுக்கு அடிமையாவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பலன் தெரிய நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். முதல் கிழமையில் குமட்டலும் படபடப்பும் வந்து 'ஒத்துவரவில்லை' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். அடிமையாக்கக்கூடியது டயசிபாம் வகை, ஊரில் 'நித்திரைக் குளிசை' என்று கைமாறுவது. அதை அயலாரிடம் வாங்கிப் போடாதீர்கள். இந்த நோய்க்கு அது மருந்தும் இல்லை.

நான் முன்னாள் போராளி. சொன்னால் வேறு இடத்துக்குப் போகுமா?

இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது, காரணம் இருக்கிறது. சிகிச்சைக்கு இயக்கப் பெயர், பொறுப்பாளர் யார், எந்தப் படையணி, எதுவும் தேவையில்லை. 'ஒரு நண்பர் என் கையில் செத்தார்' என்றால் போதும். கொப்பியில் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவரின் உயிருக்கோ, ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் வைத்தியர் மற்றவருக்குச் சொல்ல வேண்டிவரும். அந்த எல்லையை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செத்துப்போனால் நல்லது என்று நினைப்பு வருகிறது.

இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டாலோ காயப்படுத்திவிட்டாலோ 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. வீட்டில் இருப்பவர்கள் 'சாக நினைக்கிறாயா' என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை வீட்டைவிட்டு அகற்றுங்கள், அல்லது பூட்டித் திறப்பை வேறு வீட்டில் கொடுங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று இலங்கையில் இருந்தது. கொடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது பெரிதும் இறங்கியது. அந்த ஒரு மணித்தியாலம் கையில் எதுவும் அகப்படாமல் இருந்தால் பல உயிர் தங்கும்.

எங்கே போவது? முதல் நாள் என்ன நடக்கும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை. தூரத்தில் இருப்பவர்கள் கிட்டவுள்ள வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாளில் என்று கேளுங்கள். எதுவும் தெரியாவிட்டால் ஓ.பி.டி.யில் 'நித்திரை இல்லை, மனம் சரியில்லை' என்றால் அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலும் போதும்.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான்: எப்போது தொடங்கியது, நித்திரை, பசி, குடி, வேறு வருத்தம், வீட்டில் யார் யார். காத்திருப்பு நீளம், நேரத்தோடு போங்கள். ஏற்கெனவே போடும் குளிசைகளின் மட்டையை அப்படியே கொண்டுபோங்கள், பீஸ் இருந்தால் பழைய எக்ஸ்ரேயையும். சொல்ல நினைப்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் அறைக்குள் போனதும் மறந்துபோகாது. வைத்தியர் தமிழ் கதைக்காதவராக இருந்தால் தாதியையோ உளவளத்துணையாளரையோ மொழிபெயர்க்கக் கேளுங்கள், உங்கள் பிள்ளையை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். அடுத்த திகதியைக் கொப்பியில் குறித்துத் தருவார்கள். அன்றைக்குச் சுகமாக இருந்தாலும் போங்கள், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அப்போதுதான் பார்ப்பார்கள்.